முப்பத்தைந்து மில்லிமீட்டர்

இருநூற்று நாற்பது யூரோ என்றான் மரோஷ்.
நாலு ஸ்பிரிங்கும் சேர்த்து நூற்று முப்பதுக்குத்
தபாலில் வந்து
சமையலறை மேசைமேல் கிடக்கின்றன,
சிவப்பாய், எண்ணெய் வாசத்தோடு.
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

கொஷிட்சேயில் பதினெட்டு வருஷமாய்
டிராம் ஓட்டுகிறேன்.
நாற்பது டன் இரும்பு
என் இடக்கை சொன்னால் நகரும், சொன்னால் நிற்கும்.
ஒரு பழைய ஸ்கோடாவைத் தாழ்த்த
இருபத்தாறு வயதுப் பையனுக்கு
நான் ஏன் அழ வேண்டும்?

இரண்டு மணி நேர வேலை என்று
அவன் சொன்னது அவனுக்கு.
எனக்கு இரண்டு சனிக்கிழமை.

அடுக்குமாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
மேல்வீட்டு யூலியுஸ் இரவல் தந்த கம்ப்ரசர்,
மரையெல்லாம் துரு.
பழைய ஸ்பிரிங்கை இரு கொக்கிகளால் கவ்வி
இந்தப் பக்கம் ஒரு சுற்று
அந்தப் பக்கம் ஒரு சுற்று
மாறி மாறி முடுக்கினேன்.
ஒடுங்க ஒடுங்க அது அமைதியானது.
கோபக்காரர்கள் அமைதியாகும்போதுதான்
பக்கத்தில் நிற்கக் கூடாது, தெரியும்.
நின்றேன்,
முகத்தை மட்டும் ஓரமாய் வைத்துக்கொண்டு.

ஒரு கொக்கி விரற்கடை வழுக்கியது.
டிக்.
அவ்வளவுதான் சத்தம்.
வெளியே போய்ப் பனியில் நின்றேன்.
கை நடுக்கத்துக்குக் குளிர்மேல் பழி போட்டேன்.
இருநூற்று நாற்பது
அப்போது மலிவாய்த் தெரிந்தது.
திரும்பி வந்து
கொக்கியைத் தளர்த்தி, துடைத்து,
மறுபடி முதலிலிருந்து.

முன்பக்கம் இரண்டும் முடிந்த இரவு
ஸ்வெதோசாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பின்புறம் தூக்கி
மோப்பம் பிடிக்கும் நாய்போல் இருக்கிறது என்றான்.
அவனிடம் பாராட்டு அந்த அளவில்தான் கிடைக்கும்.

அடுத்த சனி, பின் இடது.
பதினாறு குளிர்காலத்துச் சாலை உப்பு
போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும்
கல்யாணம் செய்துவைத்திருந்தது.
எண்ணெய் ஊற்றினேன். காத்திருந்தேன்.
இன்னும் ஊற்றினேன்.
நீளக் குழாயை மாட்டி, உடம்பை அதில் தொங்கவிட்டேன்.
அசைந்தது!
அசைந்தது
போல்ட்டின் பாதி.
மீதி உள்ளேயே இருந்தது.

லாரிமேல் ஏற்றி
மரோஷின் வாசலிலேயே போய் இறங்கினேன்.
அவன் சிரிக்கவில்லை; அதைத்தான் பொறுக்க முடியவில்லை.
தீயைப் பிடித்தான், அறுத்தான்,
புது ஸ்பிரிங்குகளையும் உட்கார வைத்தான்.
பிறகு டார்ச் அடித்து முன்பக்கம் குனிந்தான்.
நான் முடுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும்
நெயில் பாலிஷில் ஒரு பொட்டு.
"முன்பக்கம் எந்தக் கடை?"
"தெரிந்த இடம்தான்" என்றேன்.

பின்கை போல்ட்டை மட்டும்
அந்தரத்தில் அவன் முடுக்கவில்லை.
வண்டியைத் தரையில் இறக்கி,
தன் எடையில் அது உட்கார்ந்த பிறகே
கடைசித் திருகு.
எங்கள் இருவரையும்
தொங்கிக்கொண்டிருந்தபோதே முடுக்கிவிட்டார்கள்;
எடை பின்னால்தான் இறங்கியது.
இன்றுவரை உள்ளே எங்கோ
ஒரு ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கிறது.

கணக்கு:
தாங்கிகள் நாற்பத்தைந்து, எண்ணெய் ஒன்பது,
சாக்கெட் எட்டு, புது போல்ட் பதினான்கு,
லாரிக்காரன் ஐம்பது, மரோஷ் அறுபது,
சக்கர நேர்மைக்கு நாற்பது.
இருநூற்று இருபத்தாறு.
மிச்சம் பதினான்கு யூரோ.
சுட்டுவிரல் நகம் ஒன்று
எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

எங்கள் சந்தின் வேகத்தடை
இப்போது தினமும் வண்டியின் வயிற்றைத் தடவுகிறது.
யூலியுஸ் கேட்டான்,
"ஏதாவது மாற்றினாயா என்ன?"

இரவுப் பணி முடிந்து வருகிறேன்.
வீட்டுக்குள் போகுமுன்
சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே
கையை நுழைத்துப் பார்க்கிறேன்.
போன மாதம் நாலு விரல் போகும்.
இரண்டுதான் போகிறது.
மற்ற இரண்டும்
வெளியே, குளிரில்.